சட்டப் பக்கம்: மச்சானுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து

இந்த இதழுக்குச் சிதம்பரம் வட்டத்திலிருந்து ஒரு கடிதம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறோம்.

“எனக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. வீராணம் பாசனம். சம்பா ஒரு போகம், பிறகு உளுந்து. ஐந்து வருடத்துக்கு முன் என் தங்கை வீட்டுக்காரர் டிராக்டர் வாங்க வங்கியில் கடன் எடுத்தார். ‘மச்சான், சும்மா ஒரு கையெழுத்து’ என்று கூப்பிட்டார். போனேன். நாலைந்து இடத்தில் போடச் சொன்னார்கள், போட்டேன். சாட்சிக் கையெழுத்து என்றுதான் நினைத்தேன். வெள்ளத்தில் பயிர் போன வருடம் தவணையை நீட்டிக் கொடுத்தார்களாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. இப்போது எனக்கும் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அசலும் வட்டியுமாக நாலு லட்சத்துச் சொச்சம். டிராக்டர் இன்னும் மச்சான் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. அதை எடுக்காமல் என்னிடம் எப்படிக் கேட்கலாம்? நோட்டீசில் ‘பிணையாளர்’ என்று இருக்கிறது. பாரத்தில் ‘ஜாமீன்தார்’ என்று இருந்ததாம். வங்கியில் ‘கேரண்டர்’ என்கிறார்கள். மூன்றும் ஒன்றா, வேறா? என் நிலம் போய்விடுமா? தங்கையிடம் இதைப் பேச வாய் வரவில்லை. மனைவியிடம் இன்னும் சொல்லவே இல்லை.”

முதலில் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த நோட்டீஸ் நீங்கள் வயலில் இருக்கும்போது வீட்டுக்கு வரும். அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கப் போவது அவர்தான்.

மூன்று சொல்லும் ஒன்றுதான். பிணையாளர், ஜாமீன்தார், கேரண்டர், சில பாரங்களில் ‘உத்தரவாதி’, எல்லாமே ஒரே ஆளைக் குறிப்பவை. ‘சாட்சி’ மட்டும் வேறு. இன்னார் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்று சொல்வதோடு சாட்சியின் வேலை முடிந்தது. பணத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. ஜாமீன்தாரருக்கோ அந்தக் கையெழுத்தில்தான் வேலையே தொடங்குகிறது. நம் ஊர்களில் இரண்டுக்கும் ‘ஒரு கையெழுத்து’ என்றே சொல்லிக் கூப்பிடுகிறோம். பாதி வில்லங்கம் இந்தப் பேச்சுவழக்கில்தான் இருக்கிறது.

ஜாமீன் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அதன் கனம் புரியும். பலர் அதையும் ‘ஜமீன்’ என்பதையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஜமீன் பாரசீகச் சொல். நிலம் என்று பொருள். அதிலிருந்துதான் ஜமீன்தார். ஜாமீன் அரபிச் சொல். ‘தாமின்’ என்பது போல அரபியில் ஒலிக்கும் அந்தச் சொல் பாரசீகத்தின் வழியாக வந்து நம்மிடம் ஜாமீன் ஆனது. பிறருடைய பொறுப்பைத் தனக்குள் அடக்கிக்கொள்பவன் என்பது அதன் வேர்ப்பொருள். ஆற்காட்டு நவாப்புகள் காலத்தில் இந்தப் பக்கத்து வருவாய்க் கணக்கில் பாரசீகச் சொற்கள் நிறையப் புழங்கின. 1801இல் கர்நாடகப் பகுதி கும்பினியின் கைக்குப் போனது. கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தின் கச்சேரிகளில் துரைமார் மாறினார்களே தவிர, சொற்கள் மாறவில்லை. தாசில்தார், ஜமாபந்தி, ஜப்தி, ஆஜர், அமீனா, ரசீது, ஜாமீன் எல்லாம் அப்படித் தங்கியவை.

அந்தக் காலக் கணக்கில் ஜாமீனிலேயே வகை உண்டு. ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்பது ஆஜர் ஜாமீன். பணத்தைக் கட்டுகிறேன் என்பது மால் ஜாமீன். மால் என்றால் சொத்து, பொருள். இன்றைக்கும் இரண்டும் இருக்கின்றன. காவல் வழக்கில் ஒருவரை வெளியே எடுக்க வீட்டு வரி ரசீதோடு நீதிமன்றத்துக்குப் போகிறோமே, அது முதல் வகை. ஆள் வாய்தாவுக்கு வந்துகொண்டிருக்கும் வரை ஜாமீன் கொடுத்தவர் பையிலிருந்து காசு போகாது. உங்களுடையது இரண்டாவது வகை. மச்சான் ஊரிலேயே இருந்தாலும், தினமும் வங்கி வாசலில் போய் நின்றாலும், பணம் கட்டவில்லை என்றால் உங்கள் பொறுப்பு அப்படியே இருக்கும். இந்தப் பிரிவினை நவாப் காலத்துக்கும் பழையது. யாக்ஞவல்கிய ஸ்மிருதி மூன்று வகை ஜாமீன் சொல்கிறது: ஆளை முன்னிறுத்துவதற்கு, ஆள் நாணயமானவன் என்று சொல்வதற்கு, கடனைத் தானே கொடுப்பதற்கு. நம் ஊரில் பெரும்பாலோர் நடு வகையை மனதில் வைத்துக்கொண்டு மூன்றாவதில் கையெழுத்துப் போடுகிறோம். “நல்ல பையன்தான், எனக்குத் தெரியும்” என்று சொல்லப் போனவரிடம், “அவன் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்” என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

தமிழ்ச் சொல் பிணை. பிணைத்தல், கட்டுதல். இதன் இன்னொரு வடிவம் புணை. திருக்குறளில் புணை என்றால் தெப்பம். கட்டைகளைச் சேர்த்துக் கட்டினால் தெப்பம். கல்வெட்டுத் தமிழில் அதே புணை ஜாமீன் ஆகிறது. சோழர் காலத்தில் கோயிலுக்கு ஒரு நந்தாவிளக்கு வைக்க நினைப்பவர் பெரும்பாலும் 96 ஆடுகள் கொடுப்பார். ஆடுகளை ஓர் இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டு அந்த ஆடுகளை ‘சாவா மூவாப் பேராடு’ என்று சொல்லும். ஆடு சாகாதா, மூக்காதா? சாகும். ஆனால் குட்டியை விட்டு எண்ணிக்கை குறையாமல் வைத்துக்கொள்வது வாங்கியவர் பொறுப்பு. அவர் தவறினால் என்ன செய்வது? அதற்காக வேறு இடையர்கள் அவருக்குப் புணைப்படுவது உண்டு. ஆட்டை வாங்கியவர் ஒருவர், நெய்க்குப் பதில் சொல்பவர்கள் பலர். இன்றைய கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டு உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போடும் பரஸ்பர ஜாமீனும் இதே ஏற்பாடுதான். 1904இல் வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் கிராமச் சங்கங்களைப் பொதுவாக வரம்பில்லாப் பொறுப்பின் மேல்தான் நிறுத்தியது. அதாவது சங்கத்தின் கடனுக்கு எல்லா உறுப்பினரும் முழுமையாகப் பொறுப்பு. சொத்தில்லாத சிறு குடியானவனுக்கு வெளியார் கடன் கொடுக்க அப்போது அவர்கள் கண்ட வழி அது.

இனி உங்கள் நோட்டீசுக்கு வருவோம்.

நம் நாட்டில் ஜாமீனுக்கான அடிப்படைச் சட்டம் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். 126ஆம் பிரிவு ஜாமீன் ஒப்பந்தம் என்றால் என்ன என்று சொல்கிறது. அது எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வாய்வார்த்தையும் போதும் என்கிறது. உங்களுக்கு ஒரு பைசா லாபம் இல்லை என்பதும் பதிலாகாது. கடன்காரருக்குக் கிடைத்த கடனே நீங்கள் கொடுத்த வாக்குக்கு ஈடு என்கிறது 127. உங்களைப் பாதிப்பது 128: ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சரிசமம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. அவர் பாதி, நீங்கள் பாதி அல்ல. அவரும் முழுசு, நீங்களும் முழுசு.

‘டிராக்டரை எடுக்காமல் என்னிடம் எப்படிக் கேட்கலாம்’ என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ந்துவிட்டது. பாட்னாவில் பீகார் வங்கி தாமோதர் பிரசாத் என்பவருக்குக் கடன் கொடுத்தது, இன்னொருவர் ஜாமீன். கடன் வரவில்லை. வங்கி இருவர் மேலும் வழக்குப் போட்டது. முதலில் கடன்காரரிடம் எல்லா வழியிலும் முயன்று பார், வராவிட்டால்தான் ஜாமீன்தாரரிடம் போ என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. நீங்கள் சொல்வதும் அதுதான், கேட்க நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் 1968இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. கடன்காரர் கட்டவில்லை என்றால் உடனே கட்டத்தான் ஜாமீன். அவரை விரட்டிக் களைத்த பிறகுதான் ஜாமீன்தாரரைத் தொடலாம் என்றால் அந்த ஜாமீனால் என்ன பயன் என்பது தீர்ப்பின் சாரம். ஐம்பது வருடத்துக்கு மேலாக இதுதான் நிலை. ஆகவே டிராக்டர் நிற்பதைக் காட்டி நீங்கள் நோட்டீசிலிருந்து தப்ப முடியாது.

ஆனால் டிராக்டர் உங்களுக்கு வேறு விதத்தில் உதவும். ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயர் ஏறியிருக்கும். அந்த வண்டி கடனுக்கு ஈடு. 141ஆம் பிரிவின்படி அந்த ஈட்டின் பயன் உங்களுக்கும் உரியது. அப்படி ஓர் ஈடு இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் வங்கி அந்த ஈட்டைக் கைவிட்டாலோ, தொலைய விட்டாலோ, அதன் மதிப்பு அளவுக்கு உங்கள் பொறுப்பு குறையும். மத்தியப் பிரதேசத்தில் ஒரு வழக்கு. வனத்துறை ஏலத்தில் எடுத்த மரத்துக்குத் தவணை கட்டாமலே மரத்தை வெளியே கொண்டுபோக அதிகாரிகள் விட்டுவிட்டார்கள். பிறகு ஜாமீன்தாரரிடம் பணம் கேட்டார்கள். மரத்தை விட்டது நீங்கள், அவரைக் கேட்காதீர்கள் என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே இன்றே ஒரு வேலை செய்யுங்கள். வண்டி மச்சான் வீட்டு வாசலில் நிற்கும்போதே, ‘வாகனம் இன்ன இடத்தில், ஓடும் நிலையில் இருக்கிறது, அதைக் கைப்பற்றி விற்று, விலையைக் கடனில் கழிக்கக் கோருகிறேன்’ என்று வங்கிக்குப் பதிவு வசதியோடு விரைவுத் தபால் அனுப்பி, நகலும் ஒப்புகையும் வைத்துக்கொள்ளுங்கள். நாளை வண்டி கை மாறினாலோ, மழையில் கிடந்து இரும்பு விலைக்குப் போனாலோ இந்தத் தாள் பேசும்.

அடுத்தது, உங்களைக் கேட்காமல் தவணையை நீட்டிய விஷயம். கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்களுக்கு இருப்பதிலேயே நல்ல பிடி அதுதான். ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்திய நடவடிக்கைகளுக்கு அவர் பொறுப்பில்லை என்கிறது 133. அவர் சம்மதம் இல்லாமல் கடன்காரருக்கு அவகாசம் தருவதாக வங்கி ஒப்பந்தம் செய்துகொண்டால் ஜாமீனே விடுபடும் என்கிறது 135. வங்கி சும்மா கேட்காமல் இருந்தது மட்டும் இதில் சேராது, அது 137. இங்கே நடந்தது எது? எழுத்தில் புது அட்டவணை போட்டு மச்சானிடம் கையெழுத்து வாங்கினார்களா, அல்லது வெள்ள வருடம் என்று கொஞ்சம் விட்டுப் பிடித்தார்களா? கடன் கோப்பின் நகலைப் பார்த்தால்தான் தெரியும்.

இதில் ஒரு முள் இருக்கிறது. அச்சடித்த ஜாமீன் பாரங்களில் பெரும்பாலும் பொடி எழுத்தில், ‘கடன்காரருக்கு அவகாசம் கொடுத்தாலும், நிபந்தனையை மாற்றினாலும் என் பொறுப்பு தொடரும்; என்னையும் முதல் கடன்காரராகவே கருதலாம்’ என்று ஒரு வாசகம் இருக்கும். அப்படி முன்கூட்டியே சம்மதித்திருந்தால் மேலே சொன்ன பிரிவுகளின் பாதுகாப்பு பெரிதும் கரைந்துவிடும். நீங்கள் போட்ட நாலைந்து கையெழுத்தில் ஒன்று அதன் கீழே இருக்கக்கூடும். அதனால்தான் பாரத்தின் நகலைக் கேட்கச் சொல்கிறேன். சாட்சி என்று நினைத்துப் போட்டேன் என்ற வாதமும் அதைப் பார்த்த பிறகுதான். பொய் சொல்லியோ, முக்கியமான விஷயத்தை மறைத்தோ வாங்கிய ஜாமீன் செல்லாது என்று 142, 143 சொல்கின்றன. ஆனால் அந்தப் பொய் வங்கி சொன்னதாகவோ, வங்கிக்குத் தெரிந்து நடந்ததாகவோ இருக்க வேண்டும். ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று உங்கள் மச்சான் சொன்னதை வைத்து வங்கியைப் பிடிக்க முடியாது.

நிலம் போகுமா? நோட்டீசால் போகாது. வங்கி சிவில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கி, நிறைவேற்று மனுப் போட்டு, அதற்குப் பிறகுதான் ஜப்தி. வங்கிகள் நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுக்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதிலும் நீங்கள் நிலத்தை அடமானம் எழுதிக் கொடுக்கவே இல்லை. தீர்ப்பே வந்தாலும் உழவுக் கருவி, பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதை நெல், விவசாயி குடியிருக்கும் வீடு இவற்றை ஜப்தி செய்ய முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. நிலத்துக்கு அந்த விலக்கு கிடையாது. உங்கள் மூன்று ஏக்கர் இன்றைக்குப் பத்திரம். வழக்கைக் கவனிக்காமல் விட்டு ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆனால் பத்திரம் இல்லை. நம்மூர்க்காரர்கள் நிலத்தை இழப்பது பெரும்பாலும் சம்மனை வாங்கி மாடத்தில் செருகிவைப்பதால்தான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘விவசாயிகளுக்கு 2 லட்சம் வரை பிணையில்லாக் கடன்’ என்று செய்தித்தாளில் வந்ததைக் குறிப்பிட்டு, அப்படியானால் என் பிணை செல்லாதா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். 2025 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி 1.60 லட்சம் என்ற வரம்பை 2 லட்சமாக உயர்த்தியதைத்தான் படித்திருக்கிறீர்கள். அங்கே பிணை என்று எழுதியது நிலம், கட்டடம் போன்ற ஈட்டை. ஆள் ஜாமீனை அல்ல. உங்கள் கடன் அதற்கு முந்தியது, தொகையும் கூட.

வங்கியோடு பேசப் போகும்போது மச்சானையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே தவணைத் தீர்வுக்கு வழி உண்டா என்று கேளுங்கள். வட்டியில் எவ்வளவு விடுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அங்கே ‘கடன் பாக்கியை ஒப்புக்கொள்கிறேன்’ என்ற தாளை நீட்டினால் படிக்காமல் போடாதீர்கள். கெடு முடிவதற்குள் போடும் அந்தக் கையெழுத்து வழக்குப் போடும் கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். கடலூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, சிதம்பரம் நீதிமன்றத்தில் வட்டக் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் வங்கிக் கடன்களைப் பேசி முடிக்கிறார்கள். வழக்கு நிலுவையில் இருந்து அங்கே முடிந்தால் நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்த முடிவின் மேல் மேல்முறையீடு இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

ஏதாவது கட்ட வேண்டிவந்தால் ரசீது உங்கள் பெயரில், ‘ஜாமீன்தாரர் என்ற முறையில் செலுத்தியது’ என்று இருக்கட்டும். கட்டிய பணத்தை மச்சானிடம் வசூலிக்கும் உரிமை 145ஆம் பிரிவில் உங்களுக்கு உண்டு. முழுக் கடனையும் தீர்த்தால் வங்கிக்கு அந்த டிராக்டர் மேல் இருந்த உரிமை 140இன்படி உங்களுக்கு வந்துவிடும். உங்களோடு இன்னொருவரும் ஜாமீன் போட்டிருந்தால் சுமையை அவரும் சமமாகச் சுமக்க வேண்டும். பாரத்தில் வேறு பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். மச்சான் மேல் வழக்குப் போட உங்களுக்கு மனம் வராது, வரவும் வேண்டாம். ஆனால் தங்கையையும் உட்காரவைத்துப் பேசி, நீங்கள் கட்டுவது இவ்வளவு, அவர்கள் அறுப்புக்கு அறுப்பு திருப்பித் தருவது இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எழுதிக்கொள்ளாமல் விட்ட உதவிதான் பத்து வருடம் கழித்துக் கல்யாண வீட்டில் சண்டையாக வெடிக்கிறது.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “முந்திரி வியாபாரம் செய்த நண்பருக்கு என் அப்பா வங்கியில் ஜாமீன் போட்டிருந்தார். வரவு செலவு நடந்துகொண்டே இருக்கும் கணக்கு. அப்பா போன வருடம் இறந்துவிட்டார். இப்போது பிள்ளைகள் நாங்கள் கட்ட வேண்டும் என்கிறார்கள். கட்டணுமா?”

உங்கள் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறதே அம்மா. சுந்தரர் கல்யாணத்தன்று ஒரு கிழவர் வந்து, உன் பாட்டன் தன்னையும் தன் வம்சத்தையும் எனக்கு அடிமையாக எழுதிக் கொடுத்தான் என்று ஓலையை நீட்டினார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் மூல ஓலையைப் பாட்டனின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பேரன் அடிமைதான் என்று தீர்ப்பானது என்று பெரியபுராணம் சொல்கிறது. கிழவர் இறைவன், அதனால் கதை நல்லபடி முடிந்தது. இன்றைய சட்டத்தில் எந்த ஓலையும் பேரப்பிள்ளைகளை அப்படிக் கட்டாது. தகப்பன் கடனை அடைப்பது மகனின் புண்ணியக் கடமை என்ற பழைய இந்துச் சட்ட விதியையும் 2005ஆம் ஆண்டு வாரிசுரிமைத் திருத்தம், அதற்குப் பிறகு ஏற்பட்ட கடன்களுக்கு, எடுத்துவிட்டது.

உங்கள் அப்பா கொடுத்தது தொடர் ஜாமீன். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்காவிட்டால், அவர் இறந்த நாளோடு, அதற்குப் பிறகு நண்பர் எடுத்த பணத்துக்கு ஜாமீன் முடிந்தது, 131ஆம் பிரிவு. இறந்த நாளில் கணக்கில் நின்ற பாக்கிக்கு மட்டும் அப்பா விட்டுச்சென்ற சொத்து பதில் சொல்ல வேண்டும், அதுவும் அந்தச் சொத்தின் மதிப்பு வரைதான். நீங்கள் சொந்தமாகச் சம்பாதித்ததையோ, உங்கள் நகையையோ தொட முடியாது. இறப்புச் சான்றின் நகலை இணைத்து, அந்தத் தேதிவரையிலான கணக்கு அறிக்கையையும் ஜாமீன் பாரத்தின் நகலையும் கேட்டு வங்கிக்கு எழுதுங்கள். இறப்புக்குப் பிந்திய தேதியில் நண்பர் பணம் கட்டியிருந்தால் அந்த வரவைப் பழைய பாக்கியில் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது வரும் வரை எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.